தொலைக்காட்சிக்குள் போன தோடம்பழம்

சிட்னிக்கு வந்த புதிதில் என்னை அவமதித்தவர்கள் பலர். அவர்களில் ஒருவர்மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் பொறியியலாளனாக இருந்தவனைப் பிடித்து, பிறர் தீர்மானித்த சாக்கடைக்குக் கோடு கீறும் மேசையில் இருத்தினார்கள். ‘உங்கள் பட்டம் இங்கே செல்லாது’ என்றார்கள். தலையை ஆட்டிவிட்டுப் பென்சிலைச் சீவினேன். ஆனால் எழுபதுகளின் நடுவில் இரண்டு பேர் என் இரத்தத்தைக் கொதிக்க வைத்தார்கள். இருவரோடும் எனக்குப் பழக்கமில்லை. ஞாயிறு பின்னேரங்களில் டூங்கபியில் இருந்த எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குள் வந்து, நான் சொல்வதில் ஒரு சொல்லைக்கூடக் கேளாமல் போவார்கள்.

ஒருவன் எங்கள் பகுதி ரக்பி அணியின் ஹாஃப்பேக். கட்டையன். முதுகில் ஏழாம் இலக்கம், இடது காதில் எப்போதும் ஒரு பிளாஸ்டர். ரக்பி லீக்கில் பந்தை வைத்திருக்கும் அணியை ஆறு முறை விழுத்தலாம்; அதற்குள் அவர்கள் எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைத்துவிட வேண்டும். ஆறாவது முறை நெருங்கும்போது பந்தை எறிவதா, உதைப்பதா, கொண்டு ஓடுவதா என்று தீர்மானிப்பவன் ஹாஃப்பேக். எங்கள் ஆள் உதைப்பான். எப்போதும் உதைப்பான். இடப்பக்க ஓரத்தில் எங்கள் விங்கர் தன்னந்தனியாக, பஸ்ஸை மறிப்பவன்போல இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நிற்பான். இவன் அவனைப் பார்ப்பான். நன்றாகப் பார்ப்பான். பார்த்துவிட்டு, பந்து நேராக எதிரணிக்காரனின் மடியில் விழும்படி உதைப்பான். கலியாண வீட்டில் சம்பந்திக்குப் பலகாரத் தட்டு நீட்டுபவர்கள்கூட அவ்வளவு பணிவாக நீட்டமாட்டார்கள்.

மற்றவன், அதே நேரத்தில் வேறு சனலில் வரும் ஒரு தொடரின் நாயகன். ஊதா முகமூடி, முழங்கால்வரை சப்பாத்து. ஒரு கையால் லொறியைத் தூக்குவான். அவனுக்கு ஒரு கூட்டாளிப் பெண் இருந்தாள். பூட்டிய கதவு எதையும் பார்வையாலேயே திறந்துவிடுவாள். அவ்வளவு கெட்டிக்காரியைக் காரில் இருத்திவிட்டு, ‘நான் தனியாகப் போகிறேன்’ என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வில்லனின் இடத்துக்குள் நுழைவான். நுழைந்ததும் பின்னால் கதவு பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கிழமையும் அதே கதவு, அதே பூட்டு. இவனைப் போன கிழமை அடைத்த ஞாபகம் இவனுக்கே இல்லை.

இந்தத் தொடரின் இரசிகை என் மனைவி. பகலில் கதைப்பதற்கு ஆளில்லாத தெருவில் அவள் ஆங்கிலம் படித்ததே அந்த முகமூடிக்காரனிடம்தான். ரொட்டிக் கடைக்காரர் மீதியைச் சரியாகக் கொடுத்தால், ‘உலகம் உங்களுக்கு நன்றி சொல்கிறது’ என்பாள். ஆக, ஒரு பெட்டி, இரண்டு சனல், இரண்டு கழுத்துகள் நெரிக்கப்பட வேண்டியவை. ஆட்டத்தின் இடைவேளையில் நாயகன், நாயகனின் விளம்பர இடைவேளையில் ஆட்டம். திருகிற குமிழ் கழன்று, பிறகு குறட்டால்தான் திருகினோம்.

உதைத்தால் உதைக்கட்டுமே, உனக்கென்ன என்று கேட்பீர்கள். எனக்கு என்னவென்றால், திங்கட்கிழமை. செவ்வாய் முதல் வெள்ளிவரை அந்த அலுவலகத்தில் என்னிடம் அபிப்பிராயம் கேட்ட ஆள் கிடையாது. குழாய் மேட்டை நோக்கிப் போகிறதே என்று சொன்னால்கூட, ‘நீ கீறு’ என்பார்கள். திங்கள் காலைத் தேநீருக்கு மட்டும் தலைமைக் கீறலாளர் தன் கோப்பையுடன் என் மேசையில் சாய்ந்து, “ம்... சொல்லு. நேற்று அவன் உதைத்தது சரியா?” என்பார். நாலைந்து பேர் கூடுவார்கள். நான் பென்சிலால் மைதானம் கீறி விளக்குவேன். “எறிந்திருக்க வேண்டும்! அந்த ஆள் ஐந்து நிமிடம் என் கையில் அகப்பட்டால் போதும்!” என்பேன். சிரிப்பார்கள், ஆனால் கேட்பார்கள். பருவம் முடிந்தால் திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமை ஆகிவிடும். எங்கள் அணியோ, கடைசி ஆட்டத்தை வென்றால்தான் இறுதிச் சுற்று என்ற இடத்தில் வந்து நின்றது.

கடைசிக்கு முந்திய ஞாயிறு நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். ஆறாவது முறை. விங்கர் பஸ் மறித்துக்கொண்டிருந்தான். எங்கள் ஆள் உதைத்தான். நானும் எறிந்தேன். பாதி உரித்த பழம் தொலைக்காட்சியின் தலையில் பட்டு உடைந்தது. சாறு பின்பக்கத் துவாரங்களால் உள்ளே இறங்க, ஏழாம் இலக்கம் ஒரு புள்ளியாய்ச் சுருங்கி மறைந்தது. வாழ்நாளில் நான் எறிந்து இலக்கில் பட்ட ஒரே பொருள் அதுதான்.

“சந்தோசமோ?” என்றாள் மனைவி. “அங்கால அந்த மனுசனை ஐஸ் அறைக்குள்ள பூட்டி வைச்சிருக்கிறாங்கள். இனி எனக்கு என்னெண்டு தெரியும், வெளியில வந்தவரோ இல்லையோ எண்டு?”

“வருவான். வந்து அடுத்த கிழமை திரும்பப் போய்ப் பூட்டுப்படுவான். உமக்கு நான் எழுதித்தரட்டே?”

தொலைக்காட்சி திருத்தும் கடையிலிருந்து ஆள் சனிக்கிழமைதான் வருவான் என்றார்கள். சனி காலை கதவைத் திறந்தேன். கையில் கருவிப் பெட்டியோடு ஒருவன் நின்றான். கட்டையன். இடது காதில் பிளாஸ்டர்.

அந்தக் காலத்தில் இந்த விளையாட்டு பெரும்பாலானவர்களுக்கு முழுச் சோறு போடவில்லை. கிழமை முழுதும் ஏதாவது ஒரு வேலை, ஞாயிறு அடிபாடு. எனக்கு அது தெரிந்த விடயந்தான். ஆனாலும் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது வேறு, அதற்குக் கதவைத் திறப்பது வேறு. ஒரு பருவம் முழுதும் நான் கேட்ட ஐந்து நிமிடம் என் வாசற்படியில் நின்றது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அந்தத் துரோகியைப் பார்த்து நான் சொன்ன முதல் வசனம்: “சப்பாத்துக் கழற்றத் தேவையில்லை, சேர். உள்ளே வாங்கோ.”

அவன் பின்மூடியைக் கழற்றினான். நான் டோர்ச் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் குறட்டின் நுனியில் எதையோ பிடித்துத் தூக்கிக் காட்டினான்.

“பழ விதை, மேட். எப்படி உள்ள போனது?”

அவன் பேசியது ஆங்கிலம். எனக்கு ஞாபகமிருப்பது தமிழில். கோபத்தை நான் வேறு மொழியில் சேமித்து வைப்பதில்லை.

“காத்துக்கு” என்றேன்.

மனைவி தேநீரோடு குசினியிலிருந்து வந்தாள். “இஞ்சேருங்கோ, ஏன் உப்பிடி வேர்த்துக் கொட்டுது?”

“இவன்தான் அவன்.”

“எவன்?”

“ஏழாம் நம்பர்.”

“நீங்கள் தோடம்பழத்தால எறிஞ்சது இந்தப் பிள்ளைக்கோ?”

“மெல்லக் கதையும்!”

“அவருக்குத் தமிழ் விளங்குமே?” என்றவள் அவனிடம் திரும்பி, அம்மன் கோயில் திருவிழாவில் சொந்தக்காரப் பெடியனைக் கண்டவள்போல முகம் மலர்ந்து, ஆங்கிலத்தில் கேட்டாள்: “சீனி எத்தனை கரண்டி, தம்பி?” அந்தத் ‘தம்பி’ மட்டும் தமிழ்.

படம் வந்தது. அடுத்த நாள் வரப்போகும் தொடருக்கான விளம்பரம். ஐஸ் அறைக்குள் முகமூடிக்காரன் புருவம் வெளுத்து நின்றான். வெளியே காரில் அந்தப் பெண் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். ஹாஃப்பேக் குந்தியபடியே அதைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் சிவந்தது.

“நீங்களும் இந்தக் கோதாரியைப் பாக்கிறனீங்களோ?” என்று என் மனைவியிடம் கேட்டான்.

“ஒவ்வொரு கிழமையும்!”

“இந்த ஆளைப் பாக்க எனக்கு விசர் வரும். கதவு திறக்கிறதுக்கெண்டே ஒரு ஆள் பக்கத்தில நிக்குது. கூப்பிடமாட்டான். எல்லாம் தானே செய்யவேணும். தலைக்கனம் பிடிச்சவன்!”

“டேய்!” என்றேன்.

தமிழில்தான் வந்தது. டோர்ச் என் கையில் தடிபோல உயர்ந்திருந்தது. பிறகு ஆங்கிலம் வந்தது, இலக்கணம் வரவில்லை. “நீ! நீதான் அவன்! இடப்பக்கம்! விங்கர்! அவன் காருக்குள்ளா இருக்கிறான்? கையை ஆட்டிக்கொண்டெல்லோ நிக்கிறான்!” கதிரையை எதிரணியின் கோடு ஆக்கினேன். தேநீர்க் கோப்பையைத் தூக்கி விங்கர் நிற்கும் இடத்தில் வைத்தேன். குஷனைப் பந்தாக்கி, அவன் எப்படி உதைக்கிறான் என்று உதைத்துக் காட்டினேன். குஷன் என் மனைவியின் மடியில் போய் விழுந்தது. “பார்! இப்படித்தான்! எதிரியின் மடியில்!” அந்தப் பருவத்தில் அவன் உதைத்த உதை ஒவ்வொன்றையும் நான் மறுபடி உதைத்தேன்.

அவன் விங்கர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏன் உதைக்கிறாய்? அதையாவது சொல்லு!”

“தெரியாது, மேட்” என்றான்.

தெரியாதாம்! எத்தனை திங்கட்கிழமை, எத்தனை படம் கீறினேன்! காற்றின் திசை என்றேன், எதிரணியின் வியூகம் என்றேன், பயிற்சியாளரின் இரகசியக் கட்டளை என்றேன். அவனுக்கே தெரியாதாம்!

“காணும், நிப்பாட்டுங்கோ” என்றாள் மனைவி. “பிள்ளை சாப்பிடட்டும்.”

எங்கள் ஆட்களின் வீட்டில் பூச்சி மருந்து அடிக்க வந்தவன்கூட மத்தியானம் தாண்டினால் சாப்பிடாமல் போக முடியாது. அவனை ஏசியும்விட்டால், இரண்டு தரம் பரிமாறவேண்டும். புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்தாள். நாளைக்கு ஆட்டம் உள்ளவன் வயிற்றுக்கு அந்த மிளகாய்த்தூளைப் போடாதே என்று நான் கண்ணால் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு அகப்பை போட்டாள். அவன் கண்ணாலும் மூக்காலும் நீர் வடிய வடியச் சாப்பிட்டான். மிச்சக் கறியை மூடிபோட்ட சட்டியில் ஊற்றிக் கையில் கொடுத்துத்தான் அனுப்பினாள். வாசலில் அவன் என் பக்கம் திரும்பி, “இடப்பக்கம், என்ன?” என்றான். “இடப்பக்கம்” என்றேன்.

ஞாயிறு, ஆட்டம் பின்னேரம் தொலைக்காட்சியில் வரும்வரை வானொலியை அணைத்துவைத்தேன். மனைவி முகமூடிக்காரனைக் கைவிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். “பெடியனுக்கு வயித்துக்கு ஒண்டும் செய்யேல்லைத்தானே? நல்லா ஓடுறான்” என்றாள் நிம்மதியாக.

கடைசி நிமிடம். நாங்கள் இரண்டு புள்ளி பின்னால். ஒருமுறை கோட்டைத் தாண்டி வைத்தால் வெற்றி. ஆறாவது முறை. பந்து அவன் கைக்கு வந்தது. இடப்பக்கத்தில் பஸ் மறிப்பு நடந்துகொண்டிருந்தது. அவன் பார்த்தான். நன்றாகப் பார்த்தான்.

எறிந்தான்.

அப்படி ஓர் எறிவை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பந்து எதிரணியின் கைகளுக்கு எட்டாமல் குறுக்கே நூல் பிடித்ததுபோலப் போனது. விங்கருக்கு முன்னால் புல்லையும் கோட்டையும் தவிர வேறெதுவும் இல்லை. பந்து அவன் இரண்டு கைக்குள்ளும் போய் இறங்கியது. அவன் அதை, சூடான சட்டியைத் தொட்டவன்போல, கீழே போட்டான்.

மணி அடித்தது. “உவனுக்கு ஆர் எறியச் சொன்னது?” என்று நான் கத்தினேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

திங்கள் காலை தலைமைக் கீறலாளர் கோப்பையோடு வரவில்லை, பாய்ந்து வந்தார். “மடையன்! பருவம் முழுதும் உதைத்தவன், உதைக்க வேண்டிய ஒரே ஒரு நேரத்தில் எறிகிறான்! உன் பேச்சைக் கேட்டவன்போல!” எல்லோரும் சிரித்தார்கள். நான் பென்சிலைச் சீவினேன். “உதைத்திருக்க வேண்டும்” என்றேன். யாருடைய குரல் அது என்று எனக்கே தெரியவில்லை.

செவ்வாய் பின்னேரம் கதவு தட்டப்பட்டது. கழுவித் துடைத்த சட்டியோடு அவன் நின்றான். நான் குளியலறைக்குள் ஒளிய நினைத்தேன்; மனைவி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். சட்டியை வாங்கி, “உலகம் உங்களுக்கு நன்றி சொல்கிறது” என்றாள் அவனிடம். அதை நிரப்பிக் கொடுக்கக் குசினிக்குப் போனாள்.

அவன் என்னைப் பார்த்தான். “எல்லாரும் உதைச்சிருக்கவேணும் எண்டு சொல்லுறாங்கள், மேட். கடையில முதலாளிகூட. நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?”

அவன் குரலில் குத்தலில்லை. கேட்டான், உண்மையாகவே கேட்டான். நான் அந்த நாட்டில் கால் வைத்த நாள்முதல், நடந்து முடிந்த ஒரு காரியம் சரியா பிழையா என்று ஒருவன் என்னிடம் கேட்டு, என் பதிலை வைத்துத் தன் இரவு நித்திரையைத் தீர்மானிக்கப்போவது அதுதான் முதல் தடவை.

“எறிந்தது சரி” என்றேன். “பிடிக்கிறது அவன்ர வேலை.”

தலையை ஆட்டினான். சட்டி நிறைந்து வந்தது. வாங்கிக்கொண்டு போனான்.

புதன் காலை, திங்கட்கிழமை அல்லாத ஒரு நாளில், யாரும் கேளாமலே, தேநீர் நேரத்தில் நான் எழுந்து நின்றேன். திங்கள் நான் சொன்னது பிழை என்றேன். எறிந்ததுதான் சரி, மறுப்பவன் வந்து என் மேசையில் மைதானம் கீறட்டும் என்றேன். தலைமைக் கீறலாளர் கீறினார். நான் அழித்தேன். அவர் மறுபடி கீறினார். நான் மேசையில் அடித்த அடியில் மைக்குப்பி கவிழ்ந்து, ஒரு புறநகரின் சாக்கடை முழுதும் கறுப்பானது. அன்று நாங்கள் போட்ட சத்தத்துக்கு மேல்மாடியிலிருந்து ஆள் வந்தது. குழாய் மேட்டை நோக்கிப் போகிறது என்பதையும் அந்தச் சூட்டோடு சூடாகச் சொல்லிவிட்டேன்.

ஹாஃப்பேக் மீது எனக்கு இப்போது கோபமில்லை. முகமூடிக்காரனையும் மன்னித்துவிட்டேன், ஐஸ் அறையிலிருந்து எப்படி வந்தான் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த விங்கர்! இரண்டு கை, பத்து விரல், முன்னால் ஒரு காக்கைக் குஞ்சுகூட இல்லை! அவனும் கிழமை நாட்களில் ஏதோ ஒரு வேலை செய்திருக்கத்தானே வேண்டும்? அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குழாய் பழுதானாலும் சரி, கூரை ஒழுகினாலும் சரி, வந்தவனுக்குக் கதவைத் திறக்கும்போது நான் முகத்தைப் பார்ப்பதில்லை. முதலில் கையைத்தான் பார்ப்பேன்.