எத்தி என்றொரு சொல்

எத்தி என்பது சிங்களச் சொல். போதும் என்று பொருள். சோறு போடும்போது சொல்வார்கள், தேநீர் ஊற்றும்போது சொல்வார்கள். எங்கள் சந்தியில் காலையில் அதைச் சொல்பவர் ஒரே ஒருவர்தான். அவர் சொன்னதும் வரிசையில் மிஞ்சியவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

நான் உக்குவளையில் இருக்கிறேன். மிளகு, கராம்பு போன்றவற்றைச் சுத்தம் செய்து பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சில வருடங்கள் வேலை செய்தேன். வேலை அங்கேதான், ஆனால் நான் அந்தத் தொழிற்சாலையின் ஆள் இல்லை. ஆட்களை அனுப்பும் முகவர் ஒருவரின் ஆள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதிதாகக் கையெழுத்து வாங்குவார்கள். சென்ற ஆண்டு கையெழுத்து வாங்க யாரும் வரவில்லை. வேலை போய்விட்டது என்றும் சொல்லவில்லை. இனிக் காலையில் சந்தியில் நில்லுங்கள், தேவையான ஆட்களை வேனில் ஏற்றிக்கொள்கிறோம் என்றார்கள்.

வேனின் முன் ஆசனத்தில் முகவரின் ஆள் இருப்பார். சிங்களத்தில் ஐயா என்பதற்குச் சொல்லும் மாத்தயா என்ற சொல்லால்தான் அவரைக் கூப்பிடுவோம். கெட்ட மனிதர் அல்ல. அன்றைக்கு இத்தனை பேர் என்று அவருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். வரிசையின் முன்னாலிருந்து விரலை நீட்டி எண்ணுவார். இருமுகிறவர்களை விட்டுவிடுவார். மிளகுத் தூசியில் நாள் முழுவதும் நின்றவர்களுக்கு இருமாமல் இருப்பது லேசு இல்லை. நான் இஞ்சி டொபி ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வேன். எண்ணிக்கை நிறைந்ததும் எத்தி என்பார். கதவு பூட்டப்படும்.

என் கணவர் கராம்பு மரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த நாள் முதல் வீட்டோடு இருக்கிறார். மகள் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்று தினமும் ஒரே ஜெபத்தைச் செய்தேன். ஆண்டவரே, அந்தச் சொல் எனக்குப் பின்னால் விழட்டும்.

பல நாட்கள் பின்னால்தான் விழுந்தது. அப்படி விழுந்த நாட்களில் எனக்கு அடுத்து நின்றவர் ரிஸ்னா தாத்தா. அக்காவைத் தாத்தா என்பது முஸ்லிம் வீடுகளின் வழக்கம். நாங்களும் அவரை அப்படியே கூப்பிட்டோம். ஒருநாள் வேன் கதவுக்கு வெளியே நின்று அவர் சொன்னார்:

"நீங்க வாய்க்குள்ள கேட்டு முடியக்குள்ள கதவு பூட்டுப்படுது புள்ள. நாளைக்கு எனக்கும் சேத்துக் கேளுங்களே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கொஞ்ச நாளில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் நின்ற இடத்தில் வேறொரு பெண் வந்து நின்றாள்.

பிறகு மழை தொடங்கியது. வேனில் ஏறுகிறவர்கள் குறைந்தார்கள். வரிசை குறையவில்லை. நான் திரும்பி வருவதை மகள் ஒவ்வொரு நாளும் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும் வழியில் அமைதியாகச் சொன்னாள்.

"இந்தக் கெழமையும் வேன்ல எடம் கெடைக்கலன்னா நான் கட்டுநாயக்கா கார்மென்ட்ஸுக்குப் போறேம்மா. கூட்டாளி கூப்புடுறா. பரீட்ச எப்பவும் எழுதலாம்."

எப்போதும் எழுதலாம் என்று சொல்லித்தான் நானும் பாடசாலையை விட்டேன். பிறகு எழுதவே இல்லை.

அந்தக் கிழமை வெள்ளி வரை எனக்கு இடமில்லை. வெள்ளி மாலை மகள் பையில் உடுப்புகளை அடுக்கினாள். கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். யாரும் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

சனிக்கிழமை மழையில் பஸ் தாமதம். நான் வந்தபோது வரிசை நீண்டுவிட்டது. மாத்தயாவின் விரல் நகர்ந்து வந்து எனக்கு முன்னால் நின்றவளைத் தொட்டது. எத்தி என்றார்.

அந்தச் சொல் எனக்கு முன்னால் விழுந்துவிட்டது. கால் நகரவில்லை. கண்ணை மூடினேன். ஜெபம் என்று வந்தது ஒரே சொல்தான். போதும். அதில் நன்றி இல்லை. இனி முடியாது என்று சொல்லும் போதும்தான் அது. அவர் சிங்களத்தில் சொன்னதையே நான் தமிழில் ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது.

எனக்குப் பின்னால் நின்றவள் பெயர் பாக்கியம். மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவள். அன்றுதான் முதல் தடவையாகச் சந்திக்கு இறங்கி வந்திருந்தாள். சிங்களம் தெரியாது. என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"ஏத்தச் சொல்றாங்கக்கா, ஏறுங்க."

என்னைத் தள்ளிக்கொண்டே அவளும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மாத்தயா திரும்பிப் பார்த்தார்.

"ஏய், நான் எத்தி சொன்னது."

"ஆமாங்க மாத்தயா, ஏத்தின்னு சொன்னீங்க. ஏறிட்டோம்."

 வேனுக்குள் இருந்த ஒருத்தி, எத்தி என்றது அவள் காதில் ஏத்தி என்று விழுந்ததைச் சிங்களத்தில் விளக்கிச் சொன்னாள். சாரதி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். மாத்தயா முகத்தை இறுக்கமாக வைத்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சரி, இரி இரி. ரெண்டு பேரும் இரி."

பாக்கியத்துக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் மட்டும் அழுதேன்.

அன்று தொழிற்சாலையில் பெரிய மிளகு ஓடர் ஒன்று வந்திருந்தது. தினமும் புது ஆட்கள் வருவதால் வேலை பிந்துகிறது, இன்று வந்தவர்கள் சீசன் முடியும்வரை இருக்கட்டும் என்றார்கள். யாரையும் தெரிவு செய்யவில்லை. அந்த வேனில் வந்திருந்தோம், அவ்வளவுதான். மகள் பையைப் பிரித்தாள். பரீட்சை எழுதினாள். முடிவு இன்னும் வரவில்லை.

நிரந்தர வேலை கிடைத்தது என்று சாட்சி சொல்ல எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. சீசன் முடிந்தது, மறுபடியும் சந்திக்கு வந்துவிட்டேன். இருமல் நிற்கவில்லை. கணவரின் இடுப்பும் அப்படியேதான் இருக்கிறது.

ஒன்று மாறியது. சீசன் முடிந்த பிறகு ஒருநாள் பாக்கியத்துக்கு வேனில் இடம் கிடைத்தது. மறுநாள் அவள் நேரத்தோடு வந்தும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். ஏன் என்று கேட்டேன். "நேத்து ஏறுனேன்ல அக்கா" என்றாள்.  இப்போது எங்களில் சிலர், முந்தின நாள் ஏறியிருந்தால், அப்படித்தான் கடைசியில் நிற்கிறோம். எல்லோரும் இல்லை. எங்களைப் பைத்தியம் என்கிறவர்களும் அதே வரிசையில் இருக்கிறார்கள். மாத்தயா வழக்கம்போல முன்னாலிருந்து எண்ணுகிறார்.

என் ஜெபமும் மாறிவிட்டது. சொல் எங்கே விழ வேண்டும் என்று நான் கேட்பதில்லை. எனக்கு முன்னால் நிற்பவளின் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். குவைத்தில் இருக்கும் ரிஸ்னா தாத்தாவின் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

காதில் தவறாக விழுந்த ஒரு சொல்லைப் போய் அற்புதம் என்கிறாயே என்று சபையிலேயே ஒருவர் கேட்டார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என்னை வெளியே நிறுத்திய அதே சொல்லால் ஆண்டவர் என்னை ஏற்றினார். என்னைத் தள்ளிய கை சந்திக்குப் புதிதாக வந்த ஒருத்தியின் கை.

இதை வாசிக்கும் உங்களுக்கும் யாராவது போதும் என்று சொல்லியிருக்கலாம். நீங்களே ஆண்டவரிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சொன்ன இடத்திலேயே கொஞ்சம் நில்லுங்கள். அவர் அந்தச் சொல்லை உங்களைப் போலவே கேட்பார் என்று இல்லை.

இன்று எனக்கு வேனில் இடம் கிடைத்தது. நாளை வரிசையின் கடைசியில் நிற்பேன். எத்தி என்ற சொல் அநேகமாக எனக்கு முன்னால்தான் விழும்; என் இடத்தில் வேறொருத்தி ஏறியிருப்பாள். ஆண்டவருக்கு நன்றி.