காதுக்காரர்

தண்ணீர் இல்லாத குளியல் தொட்டிக்குள் சட்டை கசங்கப் படுத்துக்கொண்டு, நீளத் திருப்புளியின் முனையைக் குழாயில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தியிருந்தார் அவர். கண்கள் மூடியிருந்தன. மிக்சியானாலும் சரி, மின்விசிறியானாலும் சரி, முதலில் அது பேச வேண்டும், இவர் கேட்க வேண்டும். அதற்கப்புறம்தான் கழற்றுவது எல்லாம்.

"வாஷர் போச்சு. உள்ள தண்ணி முனகுது," என்றார்.

"ஒரு வாரமா டொக்கு டொக்குனு சொட்டுதுன்னு நானே சொன்னேனே. அதுக்கு வைத்தியர் மாதிரி நாடி வேற பாக்கணுமா?" என்று குளியலறை வாசலில் துண்டோடு நின்ற மனைவி கேட்டாள். மூடிய கண் திறக்கவில்லை, பதிலும் வரவில்லை. தனக்குப் பிடிக்காத பேச்சுக்கு மனுஷர் வாய் திறக்க மாட்டார் என்று அவளும் விட்டுவிட்டாள்.

வண்டிப் பட்டறையில் அவருக்குப் பெயர் காதுக்காரர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். எஞ்சினைத் திறக்காமலே, திருப்புளியை ஊன்றிக் கேட்டு, "மூணாவது வால்வு இருமுது, அதப் பாரு" என்பார். திறந்து பார்த்தால் மூன்றாவது வால்வுதான். முதலாளியும் வருகிறவர்களிடமெல்லாம், "கம்ப்யூட்டர் எதுக்கு, எங்ககிட்ட காது இருக்கு" என்று அளந்துகொண்டிருப்பார். அந்தக் காதுக்கு நடக்கிற உபசாரம் மாப்பிள்ளைக்குக் கூட நடக்காது. குளிர்காலம் வருவதற்கு முன்பே மஃப்ளர் வந்துவிடும். முடிவெட்டுகிறவர் அந்தப் பக்கம் கத்தரியைக் கொண்டுபோனால், "பாத்துப்பா, சோறு போடுற காது" என்பார்.

வீட்டில்தான் அந்தக் காதுக்கு மரியாதை கிடையாது. நாலு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புவார். "செவிடன் காதுல சங்கு ஊதுற கதைதான்" என்று அவள் நாளுக்கு மூன்று முறையாவது சொல்லிவிடுவாள். அவர் சிரித்துக்கொள்வார்.

மெயின் வால்வை மூடி, கைப்பிடியைக் கழற்றி, பழைய வாஷரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கல்லாகக் காய்ந்து விளிம்பு பிய்ந்திருந்தது. புதியதைப் போட்டு, மரையில் டேப் சுற்றி, பல்லைக் கடித்து முடுக்கினார். வால்வைத் திறந்துவிட்டு வந்து, குழாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஸ்பேனர்களைப் பெட்டியில் அடுக்கினார். பிறகு தலையைச் சாய்த்து, விரலை உயர்த்தினார்.

"கேளு. ஒரு சத்தம் இருக்கா? நின்னுபோச்சு. இன்னும் பத்து வருஷத்துக்கு இது வாயத் தெறக்காது."

டொக்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். டொக். காலித் தொட்டி அந்தச் சத்தத்தை இரண்டாக்கிக் கொடுத்தது. டொக். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. வேலை முடித்த பெருமை மட்டும்தான் இருந்தது.

அவள் சிரிப்பு நின்றது. "என்னங்க," என்றாள் மெதுவாக. முதுகு அசையவில்லை. "என்னங்க," என்றாள் கொஞ்சம் உரக்க. அவர் பெட்டியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

போன வாரம் பள்ளிக்கூட வேன் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சத்தமே இல்ல, தைரியமா எடுத்துட்டுப் போ" என்று அனுப்பியிருந்தார். பாதி வழியில் சக்கரத்து பேரிங் இறுகி வேன் ரோட்டோரம் போய் நின்றது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஊருக்கே கேட்ட சத்தம் எனக்கு எப்படிக் கேக்காமப் போச்சு" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் புலம்பினார். வாங்கிப் போட்ட பேரிங் மட்டம் என்று அவள்தான் சமாதானம் சொன்னாள். நாளைக் காலையில் அதே வேன் அவரிடம் வருகிறது. ஐயோ, இத்தனை நாள் இந்த மனுஷரையா திட்டிக்கொண்டிருந்தோம் என்று இருந்தது அவளுக்கு.

அவராகத்தான் திரும்பினார். "என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அவள் குழாயைக் காட்டினாள்.

குழாய் முனையில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. "வாஷர் உக்கார்ற எடமும் தேஞ்சிருக்கும் போல," என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். இன்னொரு சொட்டு விழும்வரை பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"இது எப்போலேர்ந்து சொட்டுது?"

"நீங்க நின்னுபோச்சுன்னு சொன்னப்பவும் சொட்டிக்கிட்டுதாங்க இருந்துச்சு."

அவர் தொட்டிக்குள் இறங்கி மண்டியிட்டார். சொட்டு விழுகிற இடத்தருகே திருப்புளியின் முனையை ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் வைத்தார். ஒரு சொட்டு விழுந்தது. இமை துடித்தது. பிடியைக் காதிலிருந்து எடுத்தார். ஒரு சொட்டு விழுந்தது. இமை அசையவில்லை. மறுபடியும் வைத்தார். மறுபடியும் எடுத்தார்.