இரண்டாவது ஸ்டாப்வாட்ச்

இடது கை ஸ்டாப்வாட்ச் பந்தயத்துக்கு. வலது கையில் இருப்பது கொழுந்தனுக்கு மட்டும். அவன் பலகை தண்ணீரை விட்டு எழும்பினால் கட்டைவிரலால் ஒரு அழுத்து. திரும்பத் தண்ணீரைத் தொட்டால் இன்னொரு அழுத்து. நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். மூக்கு அரித்தால் தோளில் தேய்த்துக்கொள்வாள்.

வார நாட்களில் அவள் தையல்காரி. கிழிந்த பாய்மரத் துணிகளும் சோபா உறைகளும் ஒரே மேசையில் கிடக்கும். ஞாயிறன்று ஏரிக்கரைச் சங்கத்தில் நேரம் குறிப்பவள். கேட்டதற்கெல்லாம் "ம்" என்பாள். கோபம் வந்தால் "ம்ம்".

பாய்மரம் கட்டிய பலகையில் நின்றுகொண்டு காற்றோடு ஓடும் பந்தயம் அது. முன்பு எல்லாப் பலகைகளும் தண்ணீரை உரசித்தான் ஓடின. கொழுந்தன் வாங்கி வந்ததன் அடியில் ஒரு இறக்கை இருக்கிறது. நல்ல காற்றில் அது பலகையையே முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிடும். மற்றவர்கள் பாதி வழியில் இருக்கும்போது அவன் கரையேறித் தலை துவட்டிக்கொண்டிருப்பான்.

"அவன் பறக்குறான், நான் தவழுறேன். இதுக்குப் பேரு போட்டியா?" என்றார் அவள் கணவர். சங்கத்தார் தம்பியின் நேரத்தோடு ஐந்து நிமிடம் கூட்டினார்கள். அடுத்த வாரம் காற்றே இல்லை. இறக்கை வெறும் சுமையானது, அவன் கடைசி.

"எழும்பவே இல்ல அண்ணி, அதுக்கும் அஞ்சு நிமிஷமா?"

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டாவது ஸ்டாப்வாட்சை வாங்கினாள். பறந்த நேரத்துக்கு மட்டும் தண்டனை: மூன்று நொடி பறந்தால் ஒரு நொடி கூடும். அண்ணன் தம்பி இருவரும் வாயை மூடினார்கள். "அண்ணி, நீங்க தும்மினாக்கூட எனக்கு நேரம் ஏறும், ஜாக்கிரதை" என்று மட்டும் கொழுந்தன் சீண்டுவான்.

பருவத்தின் கடைசிப் பந்தயம். பதினாறு வருடத்தில் கணவர் ஒருமுறைகூட முதலாக வந்ததில்லை. அடுத்த மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை. பிறகு பலகை ஏறக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். கணக்குப் போட்டால் இரண்டு நொடி வித்தியாசத்தில் கணவர்தான் முதல். கரும்பலகையில் அவர் எண்ணுக்கு எதிரே '1' என்று எழுதினாள்.

"நானா? நல்லாப் பாரு, நானா?" தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் சிரித்தார். தம்பி அண்ணனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"இருங்க" என்றாள். "நடுவுல விழுந்தீங்கல்ல?"

"விழுந்தா என்ன, ஏறிட்டேனே!"

"நீங்க விழுந்த நேரம்தான் இவனும் கீழ எறங்கினான். கடைக்கண்ல தெரிஞ்சுது. கை அழுத்தல. நீங்க ஏறி நின்ன பிறகுதான் அழுத்தினேன். அந்தப் பத்துப் பன்னெண்டு நொடியும் பறந்ததா இவன் கணக்குல ஏறி, மூணு நாலு நொடி தண்டனை கூடிடுச்சு."

"ரெண்டு நொடிதானே அண்ணி, விடுங்க. அண்ணனே எடுத்துக்கட்டும்."

"ம்ம்."

கணவர் முழங்காலைத் தடவிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவள் வலது கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அந்த '1' மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.