மேற்குப் பக்கமாக ஒரு வழி

பாறையில் உட்காருமுன் சிகேனோ அதைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் நோட்டில் குறித்துக்கொண்டு வேறு பாறை தேடுவார். அதன் பிறகுதான் சோற்றுருண்டையைப் பிரிப்பார். ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி. ஓகுரோ எரிமலையின் வரைபடத்தைத் திருத்துவது உத்தியோகம்.

டிரோன் மலையின் உயரத்தைச் சொல்லிவிடும். குட்டை மூங்கில் புதருக்குள் ஆள் நடக்க இடமிருக்கிறதா என்று சொல்லாது. "அது உச்சந்தலைய மட்டும் பாத்துட்டுப் போயிடும். உள்ள நுழையறது நம்ம பொழப்பு" என்பார். புதரை விலக்கி விலக்கிப் பழகிப்போய், கடைவீதியிலும் ஆட்களை முழங்கையால் ஒதுக்குவார். ஒதுக்கிக்கொண்டே மன்னிப்பும் கேட்பார்.

போன ஆண்டு மலை வெடித்தபின் கிழக்குச் சரிவின் பிளவுகளில் நச்சுவாயு கசிந்தது. தொகுசோ என்ற கிழவரின் மலைவிடுதிக்கு இருந்த ஒரே பாதை அந்தச் சரிவில்தான். வரைபடத்தில் அந்தப் பாதையைக் காட்டும் புள்ளிக்கோட்டை எடுத்தாக வேண்டும். சிகேனோ அடிவாரத்திலிருந்த தொகுசோவின் வீட்டுக்கே போய்ச் சொன்னார்.

"வாயுவ காத்து கலைக்கிற நாளாப் பாத்து நான் போயிட்டு வரலியா?" என்றார் தொகுசோ. "கோடு இல்லேன்னா எவன் வருவான்?"

"கோடு இருந்தா வருவான்ண்ணே. வந்தா விழுவான்."

"அப்ப என்னையும் சேத்து அழிச்சிடு, தாயி." கதவு அறைந்து சாத்தப்பட்டது.

சிகேனோ கோட்டை அழித்தார். மறுநாள் ஒன்பது நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தன் செலவில் மேற்கு முகட்டில் ஏறினார். இரண்டு முறை பள்ளத்தாக்கு மறித்துத் திருப்பி அனுப்பியது. ஒருநாள் முழுக்க மழை. முகமெல்லாம் மூங்கில் கீறல்.

ஒன்பதாம் நாள் பிற்பகல் விடுதிக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்த தொகுசோ, வழியே இல்லாத பக்கத்தில் புதர் அசைவதைக் கண்டு கோடரியை ஓங்கினார்.

"நான்தாண்ணே! கரடி இல்ல."

"எந்தப் பக்கமா வந்தே?"

"மேற்கால. ரெண்டு மணி நேரம் கூடுதலாகும். ஆனா வாயுக் கருவி ஒரு தடவகூடக் கத்தல. இன்னும் ரெண்டு தடவ அளந்து பாக்கணும், புதர் வெட்ட அனுமதி வாங்கணும். அடுத்த கோடைக்குள்ள கோடு போட்டுடலாம்."

சிகேனோ படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றப் பார்த்தார். கைவிரல்கள் வீங்கியிருந்ததால் நனைந்த கயிற்றின் முடிச்சு அவிழவில்லை.

கிழவர் கோடரியைச் சுவரில் சாத்தினார். ஈர மண்ணில் மண்டியிட்டு, சிகேனோவின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்க்கத் தொடங்கினார்.