நல்ல தண்ணீரில் செத்த பத்து மீன்கள்

காலை 5.40, ஷார்ஜா முவைலா. வெள்ளிக்கிழமை விடுமுறையில் எங்கள் அறையில் கட்டிலுக்குக் கட்டில் குறட்டை. எனக்கு அது ஆகாது, காலில் சக்கரம். ஆள் சேர்ந்தால் கிளம்பும் டாக்சியில் இருபது திர்ஹாம் கொடுத்து ஏறினேன்.

7.15, ராஸ் அல் கைமா. தண்ணீர் லாரி ஓட்டும் நண்பர் முருகேசன் காத்திருந்தார். ராமநாதபுரத்துக்காரர். அவர் லாரியில் முப்பத்திரண்டு கிலோமீட்டர் போனால் மலையடிவாரம், அங்கே புதுச்சாலை வேலை. சாலை வரும் இடத்தில் ஒரு பாறைக்குட்டை. உள்ளே விரல் நீள மீன்கள், நாலைந்து தேரைகள். அவற்றுக்காக முந்நூறு மீட்டர் தள்ளிப் புதுக்குளம் வெட்டியிருந்தார்கள். பதினொரு மணிக்குக் கல் லாரிகள் வந்து குட்டையை மூடிவிடும். அதற்குள் எல்லாம் இடம் மாற வேண்டும்.

8.20. சுற்றுச்சூழல் மேற்பார்வையாளர் சிவநேசன், யாழ்ப்பாணத்தவர், முதலில் பத்து மீன்களைக் குளத்தில் விட்டார். கால் மணியில் பத்தும் வயிறு காட்டி மிதந்தன.

"உது என்ன தண்ணி? ஆரைக் கேட்டு ஊத்தினனீர்?"

முருகேசன் முகம் வெளுத்துவிட்டது. "கேம்ப்ல குடிக்கிற தண்ணி சார். ரோட்டுக்கு அடிக்கிற உப்புத் தண்ணிய ஊத்த மனசு வரல. டேங்க கழுவி, லைன்ல நின்னு புடிச்சாந்தேன்."

"அது குளோரின் போட்டதெல்லோ! மீன் தாங்குமே?"

எனக்கு முருகேசன்மேல் கோபமே வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் ஊற்றியிருப்பேன்.

மணி ஒன்பதாகிவிட்டது. சிவநேசன் வழி சொன்னார்: மீன்களையும் தேரைகளையும் குட்டைத் தண்ணீரோடு டிரம்களில் எடுத்துவைப்பது, குளத்தை வடித்துவிட்டு, மிச்சக் குட்டைத் தண்ணீரை அதில் நிரப்புவது. நானும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வாளியோடு இறங்கினேன். முருகேசன் குளத்து நீரை லாரியில் உறிஞ்சி, புழுதி பறக்கும் சாலையில் திறந்துவிட்டார். குடிதண்ணீர் மண்ணில் ஓடுவதை அவர் பார்க்கவில்லை, முன்கண்ணாடி வழியே சாலையை வெறித்தபடி ஓட்டினார். திரும்பி வந்து, மிச்சக் குட்டைத் தண்ணீரை உறிஞ்சிக் கொண்டுபோய்க் குளத்தில் நிரப்பினார்.

10.50. கடைசி டிரம்மையும் கவிழ்த்தோம். மீன்கள் ஒரு நொடி திகைத்து நின்று, பிறகு கல்லிடுக்குகளுக்குள் பாய்ந்தன. தூரத்தில் லாரிகளின் புழுதி தெரிந்தது. முருகேசன் கிட்டே வரவேயில்லை. "சாகலயேண்ணே?" என்று தள்ளி நின்றே மூன்று தடவை கேட்டார்.

மாலை 5.10. முவைலா திரும்பினேன். குடிக்கத் தண்ணீர் கேனைச் சாய்த்தவன், தம்ளரை அப்படியே வைத்துவிட்டு முருகேசனுக்குப் போன் போட்டேன்.

"ரூமுக்குப் போயாச்சா?"

"இல்லண்ணே, குளத்துக்கிட்டதான் நிக்கிறேன். ஒண்ணும் மெதக்கல. மெதந்தா நான்தானண்ணே எடுக்கணும்."