கல் பொறுக்கிய மைதானம்

என் புருஷன் பந்து வீச ஓடி வந்தால் எங்கள் தீவின் வாக்வா பட்டாள முகாமில் வெள்ளைக்கார ஆபீசர்களே மட்டையை இறுக்கிப் பிடிப்பார்கள். பயிற்சிக்கு மட்டும்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அவருக்கு இடம் கிடையாது. அவருடைய வெள்ளைக் காற்சட்டையை நீலம் போட்டு மடித்துக் கொடுப்பேன். நம் ஆள் அழுக்காய் நின்றான் என்று ஒருத்தரும் சொல்லக் கூடாது.

ரோஸ் பெல் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு விளையாட்டு பழக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது.

"எம் பிள்ளைங்க அடுத்தவன் மைதானத்துல போய் நிக்கக் கூடாது" என்றார்.

பள்ளிக்கோ மைதானமே இல்லை. பக்கத்தில் கரும்புத் தோட்டத்து நிலம் ஒன்று சும்மா கிடந்தது. எங்கும் கறுப்புக் கல், அதனால் யாரும் கரும்பு நடவில்லை. தோட்டத்து மானேஜர் விளையாடிக்கொள்ளச் சொன்னார். வாய்ச்சொல்தான். இவர் நம்பிவிட்டார்.

ஒரு கரும்பு வெட்டு முடிந்து அடுத்த வெட்டு வரும்வரை கல் பொறுக்கினோம். அவர், பிள்ளைகள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும். ஓரத்தில் குவித்த கல் என் தலைக்கு மேலே போனது. பந்து எகிற நடுவில் விரிக்க, கோணிகளைச் சேர்த்துத் தைத்தேன். பிள்ளைகள் விளையாட ஆரம்பித்தார்கள். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

ஒருநாள் தோட்டத்தில் கூலிகளை வேலை வாங்கும் சர்தார் வீட்டுக்கு வந்தார். நம் தமிழ் ஆள்தான். வாத்தியாரை இங்கே எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி அவரும் கூப்பிட்டார்.

"மிஸ்யே, மானேஜருக்கு ரொம்ப சந்தோஷம்."

"ஆட்டம் பாத்தாரா?"

"மண்ணைப் பாத்தாரு. இப்பத்தான் கல்லு இல்லையே. திங்கக்கிழமை நட ஆள் வருது."

"பொறுக்கின கல்லை எல்லாம் திருப்பிக் கொட்டிட்டு நடச் சொல்லு" என்றேன் நான்.

"எங்கிட்ட கோவிச்சு என்ன அக்கா? நானும் கூலிதானே."

இவர் அந்த வெள்ளைக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு மானேஜரைப் பார்க்கப் போனார். வராந்தாவில் நிற்க வைத்துப் பேசினாராம். நல்ல வேலை செய்தீர்கள், அடுத்த நிலமும் கல்தான், பிள்ளைகளைக் கூட்டி வந்து அதையும் சுத்தம் பண்ணி விளையாடுங்கள் என்றாராம்.

வந்து காற்சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "இனிமே இதுக்கு நீலம் போடாதே."

பிறகு பள்ளியில் கைகால் ஆட்டுகிற பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்தார். பந்து கேட்டு வீட்டுக்கு வந்த பிள்ளைகளை நான்தான் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அந்த நிலத்தில் கரும்பு ஆள் உயரத்துக்கு மேலே வந்தது. வெள்ளைக்காரன் போய் நாட்டுக்குப் புதுக் கொடி ஏறியபோது அவர் இல்லை. கரும்பு இருந்தது.