பதினேழாம் துளையின் மூன்றடி

பாறைப்பெட்டிக் கொட்டகையில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவரை எல்லோரும் பெட்டிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். நிலத்தைத் துளைத்து எடுக்கும் பாறைத் துண்டுகளை, மேலிருந்து கீழாக வரிசை மாறாமல், நீளப் பெட்டிகளில் அடுக்குவது அவர் வேலை. துண்டு கிடைக்காத இடத்தில் 'இல்லை' என்று எழுதிய மரக்கட்டையை வைக்க வேண்டும். நிலக்கரி எங்கே, எத்தனை அடி கனம் என்பதெல்லாம் அந்தப் பெட்டிகளைப் பார்த்துத்தான் வரைபடத்தில் ஏறும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பதினேழாம் துளையில் இரண்டடி கரிதான் வந்தது. அதற்குக் கீழே மூன்றடி, தண்ணீரோடு கரைந்து போய்விட்டது. அவ்வளவு நீளத்துக்குக் கட்டை வைத்தால் மேஸ்திரி காய்ச்சி எடுத்துவிடுவார். நம் ஆள் அப்போது சரியான பயந்தாங்கொள்ளி. பக்கத்துத் துளையில் மிஞ்சிய கரியை அள்ளி இடைவெளியை நிரப்பிவிட்டார். வரைபடத்தில் ஐந்தடி என்று ஏறியது. யாரும் அங்கே தோண்டவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருடம் அங்கே சுரங்கம் என்று முடிவானதும் அவர் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். மூன்று வருடமாக வேலையில்லாமல் வீட்டோடு இருக்கும் மருமகனுக்கு அந்தச் சுரங்கத்தில் இடம் உறுதியாகியிருந்தது.

"பேசாம இருங்க. மாப்பிள்ளைக்கு இப்பத்தான் ஒரு வழி பொறந்திருக்கு" என்றாள் மனைவி.

"அவர் எறங்கப் போற எடத்துலதான் நான் பொய் சொல்லியிருக்கேன்."

மறுநாள் காலை நிலவியல் அதிகாரி முன்னால் போய் நின்றார். "மேடம், பதினேழுல மூணடி என் கைவேலை."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷம் கழிச்சு ஏன் சொல்றீங்க?"

"இப்பத்தானே தோண்டப் போறீங்க."

பக்கத்திலேயே மறுபடி துளைத்தார்கள். இரண்டடி கரி, அதற்குக் கீழே வெறும் களிமண். திட்டத்தை மூட்டை கட்டினார்கள். பெட்டிக்காரரை வேலையை விட்டு அனுப்பவில்லை, கொட்டகைச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்த அவமானம் அவரைக் கூனிக் குறுக வைத்தது.

வீட்டுக்கு வந்து மருமகனை எதிரில் உட்கார வைத்து அவரே எல்லாவற்றையும் சொன்னார். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அஞ்சடின்னா குனிஞ்சாவது நிக்கலாம் மாப்பிள்ளை. ரெண்டடிக்குள்ள மனுஷன் பூந்து என்ன பண்ணுவான்?"

மருமகன் கோபப்படவில்லை.

"படுத்துக்கிட்டே வெட்டியிருப்பேன் மாமா."